ஏழு கண்டெய்னர், ஒரு லேப்டாப்: எழாத நாளில் எங்கே பார்ப்பது

நாகர்கோவில் செட்டிகுளம் பக்கத்தில் ஒரு மாடி அறை. ஆறு பேர் வேலை செய்கிறோம். மீன் ஏலக் கணக்குக்கான மென்பொருள்தான் எங்கள் பிழைப்பு: எந்த வள்ளத்தில் என்ன மீன், எத்தனை கூடை, யார் எடுத்தார், ஐஸுக்கு எவ்வளவு பிடித்தம். நோட்டுப் புத்தகத்தில் முடிகிற காரியம் போலத்தான் தெரியும். ஆனால் அதை லேப்டாப்பில் ஓட்ட ஏழு கண்டெய்னர் (டாக்கர் என்ற மென்பொருள் தனித்தனியாக அடைத்து ஓட்டும் பெட்டிகள்) வேண்டியிருக்கிறது. ஆப்புக்கு ஜாங்கோ, பின்னணி வேலைக்குச் செலரி, டேட்டாபேஸுக்குப் போஸ்ட்கிரெஸ், நினைவகத்தில் தரவு வைக்க ரெடிஸ், தேடலுக்கு எலாஸ்டிக்சர்ச், முன்பக்கத்துக்கு வீட், எல்லாவற்றுக்கும் வாசலில் என்ஜின்எக்ஸ்.

‘டாக்கர் கம்போஸ் அப்’ என்று ஒரு வரி அடித்தால் ஏழும் எழும் என்று சொல்லித்தான் புதியவர்களைச் சேர்க்கிறோம். பெரும்பாலான நாள் எழும். எழாத நாள் என்னைக் கூப்பிடுவார்கள். ஒரே பதிலை மார்த்தாண்டத்துக்கும் குலசேகரத்துக்கும் போனில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்தான் இதை எழுதுகிறேன். எங்களில் இரண்டு பேரிடம் உபுண்டு லினக்ஸ், மூன்று பேரிடம் விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2, ஒருவரிடம் எம்1 மேக். எனவே மூன்றின் கோளாறும் இதில் வரும். கட்டளைகளை நாங்கள் வாயால் சொல்கிறபடியே எழுதியிருக்கிறேன்.

## எதையும் அழிப்பதற்கு முன்

பதற்றத்தில் எல்லோரும் முதலில் அடிப்பது ‘டவுன் மைனஸ் வி’. அந்த ‘வி’ வால்யூம்களையும், அதாவது தரவு சேமித்திருக்கும் இடங்களையும், சேர்த்து அழித்துவிடும். போன வருடம் எங்கள் பையன் ஒருவன் அப்படி அடித்துவிட்டு வந்து நின்றான்: “அக்கா, டேட்டாபேஸ்ல ஒரு சாளை கூட இல்ல.” மூன்று வாரமாகக் கையால் ஏற்றிய சோதனைத் தரவு அது. சும்மா ‘டவுன்’ மட்டும் அடித்திருந்தால் கண்டெய்னர்கள் போயிருக்கும், தரவு அப்படியே கிடந்திருக்கும்.

அதனால் முதலில் மூன்றைப் பாருங்கள். ‘கம்போஸ் பிஎஸ் மைனஸ் ஏ’ அடித்தால் எது ஓடுகிறது, எது எந்த எண்ணோடு செத்தது என்று தெரியும். ‘கம்போஸ் லாக்ஸ்’ செத்ததன் கடைசிப் பேச்சைக் காட்டும். ‘கம்போஸ் கான்ஃபிக்’ என்பதைப் பலரும் அடிப்பதே இல்லை. உங்கள் கம்போஸ் ஃபைலும் (எந்தக் கண்டெய்னர் எப்படி ஓட வேண்டும் என்ற பட்டியல்) என்வி ஃபைலும் (பாஸ்வேர்டு போன்ற மதிப்புகள்) ஓவர்ரைடு ஃபைலும் (பட்டியலின் மேல் போடும் மாற்றங்கள்) கலந்து, டாக்கர் கடைசியில் எதைப் புரிந்துகொண்டது என்பதை அது முழுதாக எழுதிக் காட்டும். பாதிச் சிக்கல் அங்கேயே அவிழும்.

பார்க்கும்போது ஒரே கேள்வி: இந்தப் பிழையைச் சொல்வது யார்? கண்டெய்னருக்குள் இருக்கிற ஆப்பா, டாக்கரா, லேப்டாப்பா, வெளியே இருக்கிற நெட்டா? ஆள் யாரென்று தெரியாமல் மருந்து தேடினால் ராத்திரி இரண்டு மணி ஆகிவிடும்.

## எழுந்த வேகத்தில் விழுகிறது

முதலில் எக்ஸிட் எண். 0 என்றால் கோளாறே இல்லை. சொன்ன வேலை முடிந்தது, கண்டெய்னர் படுத்துவிட்டது. பின்னணியில் போய்விடுகிற புரோகிராமை முதல் கட்டளையாகக் கொடுத்தால் இப்படி ஆகும். 1 என்றால் ஆப்பே ஏதோ சொல்லிவிட்டுச் செத்திருக்கிறது, லாக்கைப் படியுங்கள். 127 என்றால் கட்டளை கண்டெய்னருக்குள் இல்லை. ஆல்பைன் என்ற சின்ன லினக்ஸின் இமேஜில் (கண்டெய்னர் பிறக்கும் அச்சு) பாஷ் என்ற ஷெல் இருக்காது, அது தெரியாமல் பாஷைக் கூப்பிட்டால் இந்த எண்தான் வரும். 126 என்றால் ஃபைல் இருக்கிறது, இயக்க அனுமதி இல்லை. 137 என்பது 128ஓடு 9 என்ற கொல்லும் சிக்னல் சேர்ந்தது. யாரோ கொன்றிருக்கிறார்கள், பெரும்பாலும் ரேம் போதாமல். அதை எலாஸ்டிக்சர்ச் பகுதியில் பார்ப்போம்.

இதில் ஆளைச் சுற்றவிடும் ஒன்று உண்டு. கண்டெய்னர் எழும்போது முதலில் ஓடும் ஸ்கிரிப்டைச் சுட்டி, ‘என்ட்ரிபாயிண்ட் ஸ்கிரிப்ட்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’ என்று வரும். உள்ளே போய்ப் பார்த்தால் ஃபைல் கண்ணெதிரே இருக்கும். அனுமதியும் சரியாக இருக்கும். விண்டோஸ் லேப்டாப்பில் கிட் (கோடு ஃபைல்களைப் பகிரும் கருவி) புராஜெக்டை இறக்கியபோது வரி முடிவுகள் லினக்ஸ் வழக்கத்திலிருந்து விண்டோஸ் வழக்கத்துக்கு மாறியிருக்கும். முதல் வரியில் ஷெல்லின் பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். ‘இல்லை’ என்று டாக்கர் சொல்வது உங்கள் ஸ்கிரிப்டை அல்ல, அந்த எழுத்தோடு சேர்ந்த பெயரில் ஒரு ஷெல்லை. எடிட்டரின் கீழ்ப்பட்டையில் ‘சிஆர்எல்எஃப்’ என்று இருந்தால் அதைத் தட்டி ‘எல்எஃப்’ ஆக்கி, சேமித்து, இமேஜைத் திரும்பக் கட்டுங்கள். ஒருவர் லேப்டாப்பில் மட்டும் திருத்தினால் அடுத்த விண்டோஸ்காரர் சேரும் நாளில் மறுபடி வரும். கிட்அட்ரிபியூட்ஸ் ஃபைலில் ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு எல்எஃப் மட்டும்தான் என்று ஒரு வரி போட்டுவிட்டால் விஷயம் முடிந்தது.

‘எக்ஸெக் ஃபார்மட் எரர்’ என்று வந்தால் சிபியு இனம் ஒத்துப்போகவில்லை. எம்1 மேக்கில் கட்டிய ஆர்ம் இமேஜை பென்டிரைவில் கொண்டுவந்து இன்டெல் லேப்டாப்பில் ஏற்றியபோது எங்களுக்கு வந்தது. மேக்கில் கட்டும்போதே பிளாட்ஃபார்ம் லினக்ஸ் ஏஎம்டி64 (இன்டெல்லுக்கும் அதே பெயர்தான்) என்று குறிப்பிட வேண்டும்.

## ‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்’

இந்த ஒன்றுக்கு வந்த போன்களை எண்ணினால் மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் அவ்வளவு வராது.

‘எங்க வீட்டுல’ என்று குளச்சலில் ஒருவர் சொன்னால் அது குளச்சல் வீடு. அதையே தக்கலையில் ஒருவர் சொன்னால் தக்கலை வீடு. ‘லோக்கல்ஹோஸ்ட்’ அப்படிப்பட்ட சொல். சொல்கிறவர் எங்கே இருக்கிறாரோ அந்த இடம். ஜாங்கோ கண்டெய்னருக்குள் இருந்துகொண்டு ‘லோக்கல்ஹோஸ்ட் 5432’ என்று போஸ்ட்கிரெஸைத் தேடினால், அது தன் வீட்டுக்குள்ளேயே தேடுகிறது. போஸ்ட்கிரெஸ் இருப்பது பக்கத்து வீட்டில். கம்போஸ் ஃபைலில் அந்தச் சர்வீஸுக்கு என்ன பெயர் வைத்தீர்களோ, அந்தப் பெயரைக் கொடுங்கள். ‘டிபி’ என்று வைத்திருந்தால் ‘டிபி’. போர்ட்டும் (புரோகிராம் கேட்கும் கதவின் எண்) கண்டெய்னருக்குள் இருக்கிற 5432தான். வெளியே 5433க்கு மாற்றி விட்டிருந்தாலும் கண்டெய்னர்கள் தங்களுக்குள் பேசும்போது அந்த மாற்றம் கணக்கில் வராது.

எதிர்த்திசையிலும் இதே கூத்துதான். ஆப் ஓடுகிறது, லாக்கில் ‘127.0.0.1:8000இல் காத்திருக்கிறேன்’ என்று இருக்கிறது, போர்ட்டையும் வெளியே விட்டாயிற்று, பிரவுசரில் ஒன்றும் வரவில்லை. ஜாங்கோவின் ரன்சர்வர் வழக்கமாக 127.0.0.1இல் மட்டும்தான் கேட்கும், அதாவது தன் வீட்டுக்குள் இருந்து வரும் குரலை மட்டும். 0.0.0.0:8000 என்று கொடுத்தால் வாசலில் கூப்பிடுவதும் கேட்கும். முன்பக்கத்து வீட் கருவிக்கும் இதே நோய், இதே மருந்து. ‘மைனஸ் மைனஸ் ஹோஸ்ட்’ சேர்த்து ஓட்டுங்கள்.

கண்டெய்னரிலிருந்து லேப்டாப்பில் நேரடியாக ஓடும் ஒன்றைப் பிடிக்க வேண்டும் என்றால் ‘ஹோஸ்ட் டாட் டாக்கர் டாட் இன்டர்னல்’. டாக்கர் டெஸ்க்டாப்பில் அது தானாகவே கிடைக்கும். உபுண்டுவில் எக்ஸ்ட்ரா ஹோஸ்ட்ஸ் பகுதியில் அதை ‘ஹோஸ்ட்-கேட்வே’ என்பதோடு கட்டிவிட வேண்டும்.

பெயரும் சரி, போர்ட்டும் சரி, ஆனாலும் முதல் தடவை ‘ரெஃப்யூஸ்ட்’ என்று சாகிறது, இரண்டாம் தடவை ஓடுகிறது என்றால் அது வரிசைச் சிக்கல். ‘டிபெண்ட்ஸ் ஆன்’ என்று போட்டால் போஸ்ட்கிரெஸ் தயாராகும்வரை ஜாங்கோ காத்திருக்கும் என்று நினைக்கிறோம். காத்திருக்காது. போஸ்ட்கிரெஸ் கண்டெய்னர் கிளம்பியதா என்று மட்டும் பார்க்கும். ஹெல்த்செக் (தயாரா என்று கேட்கும் சோதனை) எழுதி, டிபெண்ட்ஸ் ஆன் பகுதியில் நிபந்தனையாக ‘சர்வீஸ் ஹெல்தி’ போட வேண்டும்.

அதிலும் ஒரு குழி உண்டு. ஹெல்த்செக்கில் எல்லோரும் ‘பிஜி இஸ்ரெடி’ போடுகிறார்கள். காலி வால்யூமோடு முதல் தடவை எழும்போது போஸ்ட்கிரெஸ் இமேஜ் ஒரு தற்காலிக சர்வரை எழுப்பி, தொடக்க ஸ்கிரிப்டுகளை ஓட்டி, அதை நிறுத்திவிட்டு, பிறகுதான் உண்மையான சர்வரை எழுப்பும். தற்காலிக சர்வர் யூனிக்ஸ் சாக்கெட்டில் மட்டும் பேசும், அதாவது நெட்வொர்க் இல்லாமல் அந்தக் கண்டெய்னருக்குள் மட்டும். பிஜி இஸ்ரெடியும் முகவரி கொடுக்காவிட்டால் சாக்கெட் வழியாகத்தான் கேட்கும். ‘ரெடி’ என்று அது சொல்ல, ஜாங்கோ ஓடிவர, அந்த நேரம் பார்த்து சர்வர் மூடிக்கொள்ளும். ‘மைனஸ் ஹெச் 127.0.0.1’ சேர்த்துவிடுங்கள், உண்மையான சர்வர் வந்த பிறகுதான் ஆமாம் என்று சொல்லும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு சனிக்கிழமை முழுதும் போனது.

இன்னொன்று: ஆப் ஒழுங்காக ஓடுகிறது, டாக்கர் மட்டும் ‘அன்ஹெல்தி’ என்கிறது. ஹெல்த்செக்கில் கர்ல் (இணைய முகவரியைத் தட்டிப் பார்க்கும் கருவி) எழுதியிருப்பீர்கள். ஸ்லிம் என்ற குறைத்த இமேஜில் கர்லே கிடையாது.

## ‘போர்ட் ஆல்ரெடி அலொகேட்டட்’

உபுண்டுவில் என்றைக்கோ போட்ட போஸ்ட்கிரெஸ், லேப்டாப் எழும்போதே எழுந்து 5432ஐப் பிடித்துக்கொண்டிருக்கும். அதை நிறுத்துங்கள், அல்லது கம்போஸில் இடதுபக்க எண்ணை மாற்றுங்கள். மேக்கில் 5000 என்றால் ஏர்பிளே ரிசீவர். விண்டோஸில் எந்தப் புரோகிராமும் பிடிக்காத போர்ட்டுக்கு ‘அனுமதி இல்லை’ என்று வந்தால், விண்டோஸின் ஹைப்பர்-வி என்ற விர்ச்சுவல் மெஷின் அமைப்பு சில எண்களை மொத்தமாக ஒதுக்கி வைத்திருக்கும். வேறு எண் எடுப்பதே நல்லது.

போர்ட்டை வெறும் 5432:5432 என்று எழுதினால் அதே வைஃபையில் இருக்கிற எல்லோருக்கும் அது திறந்துகிடக்கும். உபுண்டுவின் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலையும் டாக்கர் தாண்டிப் போய்விடும். முன்னால் 127.0.0.1 சேர்த்து எழுதிப் பழகுங்கள்.

## டேட்டாபேஸ் காலியாக இருக்கிறது

யாரும் ‘மைனஸ் வி’ அடிக்கவில்லை என்று சத்தியம் செய்தால் நம்புங்கள், ஃபோல்டர் பெயரைக் கேளுங்கள். கம்போஸ், ஃபோல்டரின் பெயரையே புராஜெக்ட் பெயராக எடுத்துக்கொண்டு, அதை வால்யூமின் பெயருக்கு முன்னால் ஒட்டும். ‘ஏலம்’ என்ற ஃபோல்டரை ‘ஏலம்-புதுசு’ என்று மாற்றினால் புது வால்யூம் பிறக்கும். பழையது எங்கும் போகவில்லை, ‘டாக்கர் வால்யூம் எல்எஸ்’ அடித்தால் நிற்கும். கம்போஸ் ஃபைலின் தலையில் ‘நேம்’ என்று ஒரு பெயரை நிலையாக வைத்துவிட்டால் இந்தக் கண்ணாமூச்சி இல்லை.

இதற்கு நேர் எதிரான புகார்: தொடக்க எஸ்க்யூஎல் ஃபைலை மாற்றினேன், டேட்டாபேஸ் மாறவில்லை. அந்தத் தொடக்க ஃபோல்டரில் இருப்பவை தரவு ஃபோல்டர் காலியாக இருந்தால் மட்டுமே ஓடும். பாஸ்வேர்டும் அப்படியே. வால்யூம் பிறந்தபோது என்ன பாஸ்வேர்டோ அதுதான். என்வி ஃபைலில் பிறகு மாற்றினால் ஜாங்கோவுக்கு மட்டும் புதியது தெரியும், போஸ்ட்கிரெஸ் பழையதையே கேட்கும். உள்ளே போய் ஆல்டர் யூஸர் அடித்து மாற்றுங்கள்.

‘பழைய பதிப்பு தொடங்கிய தரவு இது, இந்தப் பதிப்போடு ஒத்துப்போகாது’ என்ற பொருளில் போஸ்ட்கிரெஸ் சொன்னால், யாரோ இமேஜ் டேகை ‘லேட்டஸ்ட்’ என்று விட்டிருக்கிறார்கள். பழைய பதிப்பை எழுப்பி டம்ப் (தரவின் நகல்) எடுத்து, புதிய வால்யூமில் ஏற்ற வேண்டும். போஸ்ட்கிரெஸ் 18இலிருந்து அதிகாரபூர்வ இமேஜில் வால்யூமை மாட்டும் இடமும் மாறிவிட்டது. கடைசி ‘டேட்டா’ ஃபோல்டரில் இல்லாமல் அதற்கு மேல் ஃபோல்டரில் மாட்ட வேண்டும். நாங்கள் பதிப்பு மாற்றங்களை மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்துக்கொள்கிறோம். அதிலும் இந்த மாவட்டத்துக்கு இரண்டு கடல். கிழக்கே சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை, மேற்கே குளச்சல் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டு பக்க விசைப்படகுகளும் ஒன்றாகக் கரையில் நிற்பது ஜூனின் முதல் 14 நாள் மட்டுமே. அதற்குள் லேப்டாப்பில் ஒத்திகை பார்த்து முடிக்க வேண்டும்.

## கரண்டு போய் வந்த பிறகு

ஆரல்வாய்மொழியில் அத்தனை காற்றாலை சுற்றுகிறது. ஒரு சாரல் விழுந்தால் எங்கள் தெருவில் கரண்டு இல்லை. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் என்பதால் இந்த அறிகுறிக்குத் தனி இடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆபீஸின் பழைய டெஸ்க்டாப் ஒன்றில் எல்லோருக்கும் பொதுவான டேட்டாபேஸ் ஓடுகிறது, அதில் யுபிஎஸ் பேட்டரி செத்துப்போய் வெகுநாள்.

கரண்டு வந்ததும் போஸ்ட்கிரெஸ் லாக்கில் ‘ஒழுங்காக மூடப்படவில்லை, தானியங்கி மீட்பு நடக்கிறது’ என்று வரும். அது பிழையே இல்லை. மீட்டுக்கொண்டிருக்கிறது, விடுங்கள். அந்த நேரம் ஆப்புக்கு ‘டேட்டாபேஸ் எழுந்துகொண்டிருக்கிறது’ என்று பதில் வரும். இந்த இடத்தில் பொறுமையில்லாமல் மறுபடி பவர் பட்டனை அமுக்காதீர்கள். ரெடிஸ் எழாமல் ஏஓஎஃப் ஃபைலை (அது ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதி வைக்கும் பதிவு) குறைசொன்னால், முதலில் அந்த ஃபைலை நகலெடுத்து வைத்துவிட்டு, ‘ரெடிஸ் செக் ஏஓஎஃப்’ கருவியை ‘ஃபிக்ஸ்’ போட்டு ஓட்டுங்கள். கெட்ட இடத்துக்குப் பிறகு எழுதியது போய்விடும் என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

டபிள்யூஎஸ்எல்காரர்களுக்கு வேறொன்று. கரண்டு போனதும் லேப்டாப்பை மூடி வைத்து, இரண்டு மணி நேரம் கழித்துத் திறக்கிறீர்கள். இமேஜ் கட்டும்போது ‘ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று பேக்கேஜ் இறக்கும் ஏபிடி சொல்கிறது. அல்லது எச்டிடிபிஎஸ் சான்றிதழ் தவறு என்று வருகிறது. நெட்டைத் திட்டாதீர்கள். டபிள்யூஎஸ்எல்லின் கடிகாரம் தூங்கிய இடத்திலேயே நிற்கிறது, அதைப் பொறுத்தவரை அந்த ஃபைல் எதிர்காலத்தில் எழுதப்பட்டது. ‘டேட்’ அடித்துப் பாருங்கள், பிறகு விண்டோஸ் பக்கம் போய் ‘டபிள்யூஎஸ்எல் ஷட்டவுன்’ கொடுத்து மறுபடி திறந்தால் சரியாகிவிடும்.

## கோடு (நிரல்) மாறியது, திரை மாறவில்லை

ஜாங்கோ பக்கம் மாற்றினால் தெரிகிறது, வீட் பக்கம் மாற்றினால் தெரியவில்லை என்றால் உங்கள் புராஜெக்ட் விண்டோஸின் சி டிரைவில் கிடக்கிறது என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். ஜாங்கோ ஒவ்வொரு ஃபைலாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். வீட் அப்படி அலையாது, ‘மாறிவிட்டது’ என்று லினக்ஸ் கெர்னல் வந்து சொல்லும்வரை காத்திருக்கும். விண்டோஸ் டிரைவில் நடக்கும் மாற்றத்தை டபிள்யூஎஸ்எல்லுக்குள் யாரும் வந்து சொல்வதில்லை. வீட் கருவியையும் தட்டிப் பார்க்கச் சொல்லும் போலிங் அமைப்பு உண்டு, ஆனால் ஃபேன் அலறும். புராஜெக்டை டபிள்யூஎஸ்எல்லின் ஹோம் ஃபோல்டருக்கு மாற்றுங்கள். எல்லாமே வேகமாகும்.

உபுண்டுவில் வீட் ‘டிவைஸில் இடமில்லை’ என்று சொல்லி, டிஸ்க்கில் 100 ஜிபி காலியாக இருந்தால், தீர்ந்தது டிஸ்க் அல்ல. ஒரு பயனர் எத்தனை ஃபைலைக் கண்காணிக்கலாம் என்ற ஐநோட்டிஃபை வரம்பு தீர்ந்திருக்கிறது. சிஸ்கண்ட்ரோலில் 524288க்கு உயர்த்துங்கள்.

செலரி வொர்க்கர் தானாகக் கோடு ஃபைல்களைத் திரும்பப் படிக்காது. ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

என்வி ஃபைலை மாற்றிவிட்டு ‘கம்போஸ் ரீஸ்டார்ட்’ அடித்தால் எதுவும் மாறாது; அது பழைய கண்டெய்னரையே நிறுத்தி எழுப்புகிறது. ‘அப் மைனஸ் டி’ அடித்தால்தான் புதிய மதிப்புகளோடு கண்டெய்னர் பிறக்கும். பாஸ்வேர்டில் டாலர் குறி இருந்தால் கம்போஸ் அதை மாறியின் (வேரியபிள்) பெயர் என்று நினைத்து விழுங்கிவிடும். கம்போஸ் ஃபைலில் டாலரை இரண்டு தடவை எழுதுங்கள், என்வி ஃபைலில் ஒற்றை மேற்கோளுக்குள் போடுங்கள்.

முன்பக்கத்துக்குப் புது நோட்ஜேஎஸ் பேக்கேஜ் சேர்த்து, இமேஜையும் கட்டி, ஆனாலும் ‘மாட்யூல் கிடைக்கவில்லை’ என்றால், நோட் மாட்யூல்ஸுக்குப் போட்ட பெயரில்லாத வால்யூமில் பழைய சரக்கு உட்கார்ந்திருக்கிறது. ‘அப்’ கட்டளையோடு பெரிய ‘வி’ சேர்த்தால் பெயரில்லாத வால்யூம்கள் மட்டும் புதிதாகும். சின்ன ‘வி’ பழி வாங்கும், பெரிய ‘வி’ உதவும். எழுதி ஒட்டி வையுங்கள்.

## ‘பெர்மிஷன் டினைட்’

கண்டெய்னருக்குள் ரூட்டாக (முழு அதிகாரத்தோடு) ஓடிய மைக்ரேஷன் கட்டளை எழுதிய ஃபைலை, உபுண்டுவில் உங்களாலேயே திருத்திச் சேமிக்க முடியாது. உடனே 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) அடிக்காதீர்கள். கம்போஸில் ‘யூஸர்’ என்று உங்கள் யுஐடி (பயனர்) எண்ணைக் கொடுங்கள், உபுண்டுவில் முதல் பயனருக்கு வழக்கமாக 1000. அதை ‘யுஐடி’ மாறியாக எழுதினால் ‘மதிப்பு இல்லை’ என்று எச்சரிக்கை வரும். பாஷ் அந்த மாறியை வைத்திருக்கிறதே தவிர வெளியே கொடுப்பதில்லை. என்வி ஃபைலில் எண்ணாகவே எழுதிவிடுங்கள்.

## இமேஜ் இறங்கவில்லை

‘டூமெனி ரிக்வெஸ்ட்ஸ்’, எண் 429. “நான் இன்னைக்கு ஒரு இமேஜ்கூட இறக்கல அக்கா” என்பார்கள். உண்மைதான். லாகின் செய்யாதவர்களுக்கு, இமேஜ்கள் வந்திறங்கும் தளமான டாக்கர் ஹப், ஒரு ஐபி முகவரிக்கு ஆறு மணி நேரத்தில் 100 இமேஜ் என்று வரம்பு வைத்திருக்கிறது. சின்ன பிராட்பேண்ட் இணைப்புகளில் ஒரே பொது ஐபியைப் பல வீடுகள் பங்குபோடும். நீங்கள் இறக்காவிட்டாலும் வேறு யாரோ இறக்கியிருப்பார்கள். இலவசக் கணக்கு ஒன்று திறந்து ‘டாக்கர் லாகின்’ செய்யுங்கள், அப்புறம் எண்ணிக்கை உங்கள் பெயரில்.

பாதியில் நின்றுநின்று இறங்குகிறது, வேலைக்கான விபிஎன் போட்டால் மட்டும் கண்டெய்னருக்குள் பெரிய பேக்கேஜ்கள் தொங்குகின்றன, சின்னப் பக்கங்கள் வருகின்றன என்றால் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. டாக்கர் நெட்வொர்க் 1500 பைட் என்று நினைத்து அனுப்பும், விபிஎன் குழாய் அதைவிடச் சிறியது. கம்போஸ் நெட்வொர்க்கில் எம்டியுவை 1400 என்று வைத்துப் பாருங்கள்.

மலையடிவாரத்தில் இருப்பவருக்கு நாங்கள் செய்வது இதுதான்: ஆபீஸில் ‘டாக்கர் சேவ்’ செய்து ஜிஸிப்பில் சுருக்கி பென்டிரைவில் போட்டு, குலசேகரம் பஸ்ஸில் வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவோம். அங்கே ‘டாக்கர் லோட்’. ஏழு இமேஜும் நெட்டில் இறங்குவதைவிட அந்த பஸ் வேகம். சிரிக்கலாம், ஆனால் ஓடுகிறது.

## எலாஸ்டிக்சர்ச் மட்டும் சாகிறது

137 என்றால் ரேம். 8 ஜிபி லேப்டாப்பில் டபிள்யூஎஸ்எல் வழக்கமாகப் பாதியைத்தான், 4 ஜிபியைத்தான் எடுக்கும். எலாஸ்டிக்சர்ச்சுக்கு வரம்பு சொல்லாவிட்டால் கண்ணில் படும் ரேமில் பாதியைத் தனக்கென்று எடுத்து வைக்கும். ஜாவா ஆப்ஷனில் குறைந்தது, அதிகம் இரண்டையும் 512 எம்பி என்று கட்டுங்கள். ஏலக் கணக்குக்கு அது தாராளம். போதாவிட்டால் டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக் ஃபைலில் மெமரியை 6 ஜிபி ஆக்கி, ஷட்டவுன் செய்து திறங்கள்.

‘மேக்ஸ் மேப் கவுண்ட் 65530 போதாது, 262144 வேண்டும்’ என்றால் ‘சிங்கிள் நோட்’ (ஒரே சர்வர்தான்) என்று சொல்ல மறந்திருக்கிறீர்கள். ஓடுகிறது, ஆனால் எச்டிடிபியில் கூப்பிட்டால் வெற்றுப் பதில் என்றால், 8ஆம் பதிப்பிலிருந்து பாதுகாப்பு தானாகவே இயங்கும், எச்டிடிபிஎஸ் மட்டும் கேட்கும். லேப்டாப்பில் மட்டும் அதை அணைத்துக்கொள்ளலாம்.

தேடினால் வருகிறது, புதுப் பதிவு மட்டும் ஏறவில்லையா? டிஸ்க் 95 சதவீதம் நிறைந்ததும் அது இண்டெக்ஸ்களைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடும். இடத்தைக் காலி செய்தால் தானே திறக்கும். ‘டாக்கர் சிஸ்டம் டிஎஃப்’ எது எவ்வளவு தின்கிறது என்று காட்டும். பழைய பில்டு மிச்சங்களை அழிக்கும் ‘பில்டர் புரூன்’ பயமில்லாமல் அடிக்கலாம், அடுத்த பில்டு மெதுவாகும், அவ்வளவே. கண்டெய்னர் லாக்குகளுக்கும் வழக்கத்தில் எல்லை கிடையாது; மேக்ஸ் சைஸ் போட்டுவையுங்கள். விண்டோஸில் இவ்வளவு அழித்தும் சி டிரைவில் இடம் கூடாது, ஏனென்றால் டபிள்யூஎஸ்எல்லின் டிஸ்க் ஃபைல் வளரும், தானாகச் சுருங்காது. விண்டோஸின் டிஸ்க்பார்ட் கருவியில் கம்பாக்ட் செய்ய வேண்டும்.

## எல்லாம் ஓடுகிறது, விடை மட்டும் தவறு

இந்த வகைதான் மோசம், சிவப்பு எழுத்தே வராது.

விடியற்காலை 4 மணி ஏலம் முந்தின நாள் அறிக்கையில் விழுந்தது. கண்டெய்னர்கள் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் வாழ்கின்றன, நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். எங்கள் அறிக்கை எஸ்க்யூஎல்லில் ‘கரண்ட் டேட்’ என்று எழுதியிருந்தோம். நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை அதற்கு இன்றைய தேதி என்பது நேற்று. நாங்கள் யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் ஆபீஸுக்கு வருவதே பத்து மணிக்கு. கடற்கரையில் ஆள் அந்த நேரத்தில்தான் கணக்குப் போடுகிறார். சேமிப்பது யூடிசியாகவே இருக்கட்டும், தேதியைப் பிரிக்கும் இடத்தில் ‘ஏசியா/கொல்கத்தா’ என்று எழுதுங்கள்.

பிடிஎஃப் ரசீதில் தமிழ் கட்டம் கட்டமாக வந்தால் ஸ்லிம் இமேஜில் தமிழ் ஃபாண்ட் இல்லை. ‘எஃப்சி லிஸ்ட்’ கட்டளைக்கு மொழி ‘டிஏ’ என்று கொடுத்துப் பாருங்கள், வெற்று வரி வரும். டெபியனில் லோஹித் தமிழ் பேக்கேஜைச் சேர்த்தால் போதும். எழுத்து வந்து, ‘கொ’வின் கொம்பு மட்டும் இடம்மாறி நின்றால் அது ஃபாண்ட் அல்ல, பிடிஎஃப் உருவாக்கும் கோடு நூலகத்துக்கு எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை.

கடைசியாக, மீன் பட்டியல். ஆல்பைன் போஸ்ட்கிரெஸில் வாளை முதலில், வாவல் பிறகு வந்தது. யூனிகோடில் ள, ழ, வ என்றுதான் எண் போகிறது. ஆல்பைன் அந்த எண்ணையே வரிசையாக எடுத்துக்கொள்கிறது. நம் அகர வரிசையில் வ, ழ, ள. ‘ன’வும் இப்படித்தான், கடைசியில் வர வேண்டியது ‘ப’வுக்கு முன்னால் புகுந்துவிடும். வரிசைப்படுத்தும் இடத்தில் ‘டிஏ-எக்ஸ்-ஐசியு’ என்ற தமிழ்க் கொலேஷனை (வரிசை விதி) சொன்னோம், வாவல் முன்னால் வந்தது. இதை எங்களிடம் சொன்னவர் புரோகிராமர் இல்லை, ஐம்பது வருடமாக நோட்டில் கணக்கு எழுதுகிற ஏலக்காரர்: “பட்டியல்ல வாவல எங்க மக்களே ஒளிச்சு வச்சிருக்கீங்க?”